சிக்னல் மாத்திரை

1

மதி, இது உனக்காக எழுதுவது. அக்காவும் படிக்கட்டும். அவளுக்கு இதில் முக்கால்வாசி தெரியும். உனக்குத்தான் ஒன்றும் தெரியாது.

போன வாரம் வீடியோவில் நீ கேட்டாய். "அக்கா மட்டும் ஏன்பா உங்ககிட்ட கதவைச் சாத்திக்கிட்டுப் பேசுறா? நான் உள்ள வந்ததும் ரெண்டு பேரும் உடனே ஸ்கூலப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுறீங்க." நான் ஏதோ சிரித்து மழுப்பினேன். நீ சிரிக்கவில்லை. "போங்கப்பா, நீங்களும் உங்க ரகசியமும்" என்று சொல்லிவிட்டு போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாய்.

அன்றிலிருந்து எனக்குப் பயமாக இருக்கிறது. முன்னெல்லாம் நான் என் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பேன், நீ போனை விடமாட்டாய். இப்போது "சாப்டீங்களா, சரி, வெக்கிறேன்" என்பதோடு முடிகிறது. பதினோரு வயசுப் பிள்ளை அப்படித்தான் இருக்கும் என்று உங்கம்மா சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாங்கள் ஒரு விஷயத்தை மறைக்கிறோம் என்று உனக்கு வாசம் அடித்துவிட்டது. மறைத்தால் என்ன ஆகும் என்று அக்கா விஷயத்தில் பார்த்துவிட்டோம். அதனால் நேராகவே எழுதிவிடுகிறேன்.

எனக்கு ரத்தத்தில் ஒரு புற்றுநோய் இருக்கிறது. நீ ஒண்ணாம் வகுப்பு படிக்கும்போது கண்டுபிடித்தார்கள். அதற்குத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். வேலைக்குப் போகிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன்.

இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் உன் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். இங்கே சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு எழுத்தில்தான் பிடிக்க முடிகிறது. கொஞ்சம் நிதானமாகப் படி.

2

அந்த வருஷம் லீவில் வந்தபோது எனக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்யலாம் என்று போனோம். உனக்கு ஞாபகம் இருக்காது. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் பத்து, பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டிய இடத்தில் லட்சத்தைத் தாண்டி இருந்தது. ஆபரேஷனைத் தள்ளிவைத்து, தில்லைநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள்.

நான் ஐ.டி.ஐ. படித்தவன். அந்த அம்மா சொன்னதில் முதல் நாள் எனக்கு ஒன்றுமே ஏறவில்லை. "என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்கள். லிப்ட் மெக்கானிக் என்றேன். "அப்ப உங்களுக்குச் சுலபமாப் புரியும்" என்று சொல்லி, ஒரு பேப்பரில் படம் போட்டார்கள். அவர்கள் சொன்னதை என் பாஷையில் உனக்குச் சொல்கிறேன்.

லிப்ட்டில் நீ பட்டனை அமுக்கினால் மோட்டார் நேராக ஓடிவிடாது. பட்டன் ரிலே என்கிற ஒரு மின்சுவிட்சைத் தட்டும். ரிலே இன்னொன்றைத் தட்டும். இப்படித் தட்டித் தட்டி மேலே மெஷின் ரூமுக்குச் செய்தி போய்ச் சேரும். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இதே வேலை நடக்கிறது. ரிலேக்குப் பதிலாக அங்கே சில புரதங்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கைனேஸ் என்று பெயர். ஒரு கைனேஸ், சக்திப் பொட்டலம் ஒன்றிலிருந்து பாஸ்பேட் என்கிற சின்னத் துணுக்கைப் பிய்த்து இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டிவைக்கும். ஒட்டினதும் அது விழித்துக்கொள்ளும். அது போய் அடுத்ததை எழுப்பும். வேலை முடிந்ததும் அந்தத் துணுக்கை எடுத்துவிட வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எடுத்ததும் எல்லாம் தூங்கிவிடும்.

கடைசியில் செய்தி செல்லின் நடுவில் இருக்கிற மரபணுக்களுக்குப் போகும். முக்கொம்பில் பார்த்திருக்கிறாயே, வருகிற தண்ணீர் ஒன்றுதான். எந்த ஷட்டரைத் தூக்குகிறார்களோ அந்தப் பக்கம் காவேரியாகவோ கொள்ளிடமாகவோ போகும். அதுபோல எல்லா செல்லிலும் இருக்கிற மரபணு ஒரே கட்டுதான். அதில் எதைத் திறப்பது, எதை மூடுவது என்பதில்தான் ஒரு செல் தோலாகிறது, ஒன்று இதயமாகிறது. நீ அம்மா வயிற்றில் ஒரு புள்ளியாக இருந்தபோது உனக்குக் கை எங்கே, கண் எங்கே என்று முடிவானதும் இப்படித்தான். இதைக் கேட்டபோது நோயை மறந்துவிட்டு ஒரு நிமிஷம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு என்ன ஆனது என்றால், எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, நுனி மாறி ஒட்டிக்கொண்டுவிட்டன. அந்த ஒட்டின இடத்திலிருந்து ஒரு புதுக் கைனேஸ் வந்தது. அதற்கு அணையத் தெரியாது. யாரும் அமுக்காமலே பட்டன் எரிந்துகொண்டே இருக்கிறது. "பெருகு, பெருகு" என்று அது பாட்டுக்கு உள்ளே செய்தி அனுப்புகிறது. வெள்ளை அணுக்கள் பெருகுகின்றன.

மாத்திரை என்ன செய்கிறது தெரியுமா? அந்தக் கைனேஸ் சக்திப் பொட்டலத்தைப் பிடிக்கிற பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சாவித் துளையில் தீக்குச்சியை ஒடித்து வைத்த மாதிரி. பொட்டலம் உள்ளே போக முடியாது, செய்தியும் நின்றுவிடும். ஆனால் மாத்திரை கரைந்துவிடும், அதனால் தினமும் ஒன்று புதிதாகப் போட வேண்டும். விட்டால் பட்டன் மறுபடி எரியும்.

முதல் தடவை மூன்று மாத மாத்திரையோடு இங்கே வந்து இறங்கினபோது ஏர்போர்ட்டில் பையைத் திறக்கச் சொன்னார்கள். "வாட் மெடிசின்?" என்றாள் அந்த அதிகாரிப் பெண். கேன்சர் என்று சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். டாக்டரம்மா சொன்ன சிக்னல்தான் வாயில் வந்தது. "சிக்னல் டேப்லட், மேடம்." அவள் என்னையே பார்த்தாள். "டிராபிக் சிக்னல்?" என்று கேட்டுவிட்டு, சீட்டை வாங்கிப் படித்தாள். படித்ததும் அவள் முகம் மாறிவிட்டது. பையை அவளே மூடிக் கொடுத்தாள். "டேக் கேர், அங்கிள்" என்றாள்.

நிஜமான பயம் வேலை அனுமதி அட்டையைப் புதுப்பிக்கும்போதுதான். ஒவ்வொரு தடவையும் கம்பெனியில் என்ன கேட்பார்களோ என்று சோறு இறங்காது. கடைசியில் எங்கள் சூப்பர்வைசரிடம் நானே போய்ச் சொன்னேன். அந்தச் சீனத்துக்காரர் கேட்டது ஒன்றுதான். "ஏணி ஏற முடியுமா, முடியாதா?" முடியும் என்றேன். "அப்புறம் என்ன, போய் ஏறு" என்றார். அவரிடம் சொல்ல முடிந்தது. உங்களிடம்தான் முடியவில்லை.

3

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீங்கள் சின்னப் பிள்ளைகள், அது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பெண் பிள்ளைகள். நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது துறையூர்ப் பக்கம் நம் ஜனம் முதலில் விசாரிப்பது "அப்பனுக்கு என்ன சீக்கு?" என்றுதான். ரத்தத்தில் என்று காதில் விழுந்தால் போதும், பிள்ளைகளுக்கும் இருக்கும் என்று அவர்களே முடிவு கட்டிவிடுவார்கள். அதனால் நானும் உங்கம்மாவும் வாயைக் கட்டிக்கொண்டோம். தாய்மாமனுக்குக்கூடத் தெரியாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊரார் அப்படி நினைப்பார்கள் என்று பயந்த நானே உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார்கள். "இது உங்களுக்கு வளர்ந்தப்புறம் ஒரே ஒரு மஜ்ஜை செல்லுல நடந்த கோளாறு. பிள்ளைங்களுக்கு நீங்க குடுத்ததுல இது இல்ல." தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் மரபணு என்ற வார்த்தையைக் கேட்டுவிட்ட அப்பனுக்கு அது அவ்வளவு லேசாக அடங்காது. உங்கள் இரண்டு பேருக்கும் தும்மல் வந்தால் நான் இங்கே பயந்தேன். நீ ஒல்லியாக இருப்பதைப் பார்த்துப் பயந்தேன். அக்கா காலில் ஒரு கன்றிப்போன தடம் இருந்ததைப் போட்டோவில் பெரிசு பண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சைக்கிளில் இடித்துக்கொண்டதாம்.

இந்த நேரத்தில்தான் அக்கா தாரிணிக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. நீ மாமா வீட்டில் துறையூரில் இருந்தாய், உனக்கு லீவு, அவளுக்கு ஸ்பெஷல் கிளாஸ். தாரிணி பள்ளிக்கூடத்துப் பாத்ரூமுக்குப் போகப் பிடிக்காமல் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்து, சிறுநீரில் கிருமி ஏறிவிட்டது. அது பிறகு தெரிந்தது. முதலில் எங்களுக்குத் தெரிந்தது ரத்தப் பரிசோதனைதான். வெள்ளை அணு இருபத்தெட்டாயிரம். கண்ணாடித் தகட்டில் பார்த்ததில், முதிராத செல்களும் கொஞ்சம் தெரிகின்றன என்று எழுதியிருந்தது.

உங்கம்மா அதைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். நான் ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் மெஷின் ரூமில் இருந்தேன். என்னுடைய முதல் ரிப்போர்ட்டிலும் இதே வார்த்தைகள்தான் இருந்தன.

ஸ்ரீரங்கத்தில் அக்காவைப் பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, வழக்கமாகக் கேட்கிற கேள்விதான் கேட்டிருக்கிறார். "வீட்டுல யாருக்காவது ரத்தத்துல ஏதாவது பிரச்சினை உண்டாம்மா?"

தாரிணி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"இல்லீங்க சார்" என்றுவிட்டாள் உங்கம்மா.

4

ராத்திரி போனில் அழுதுகொண்டே சொன்னாள். "என்னங்க, நான் பொய் சொல்லிட்டேங்க. நான் சொன்னதை வெச்சு அவர் வைத்தியம் பாக்கறாரு. ஏதாவது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

"நாளைக்குத் தனியாப் போய்ச் சொல்லிடு."

"தினம் ஊசிக்கு அவளைக் கூட்டிட்டுத்தானே போறேன். என்னத்தைத் தனியா? அவ என்னைய விட்டு நகர மாட்டேங்கறா."

சரி, நானே சொல்லிவிடுகிறேன் என்று கிளினிக் நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"டோக்கன் போடணுமா சார்?"

"டோக்கன் வேணாம்மா, டாக்டர்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"பேஷண்ட் நீங்களா?"

"என் பொண்ணு. ஆனா விஷயம் என்னைப் பத்தினது."

"அப்ப உங்களுக்கு டோக்கன் போடட்டுங்களா?"

"நான் சிங்கப்பூர்ல இருக்கேம்மா."

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வாங்க சார்" என்று வைத்துவிட்டாள். நான்கு தடவை போட்டேன். நான்காவது தடவை, "சார், நீங்க நேர்ல வராம டாக்டர் பாக்க மாட்டாரு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நான் உளறினதை எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அந்த நாட்களில் நான் வேலை செய்த லட்சணம் வேறு. லிப்ட் ஏறி இறங்குகிற ஷாஃப்ட்டுக்குள் இறங்கும்போது சாப்பாட்டுப் பெட்டியைக் கீழே போட்டேன். வேறு எவனாவது அதைச் செய்திருந்தால் நான் கத்தியிருப்பேன். சூப்பர்வைசர் என்னைக் கீழே கூப்பிட்டு உட்காரவைத்தார். "இன்றைக்கு நீ ஏணி ஏறாதே" என்றார்.

ஊசி போட்டதில் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது. திங்கட்கிழமை மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உங்கம்மாவால் வீட்டில் உட்கார முடியவில்லை. தாரிணியைக் கூட்டிக்கொண்டு சமயபுரம் போய்விட்டாள்.

5

மாரியம்மன் கோயில் தெருவில் உருவம் விற்கிற கடைகளை நீ பார்த்திருக்கிறாய். கண் வலி என்றால் வெள்ளித் தகட்டில் கண், கால் வலி என்றால் கால். வாங்கி உண்டியலில் போடுவோம். வருஷா வருஷம் எனக்காக உங்கம்மா ஒரு முழு ஆள் உருவம் வாங்கிப் போடுவாள். ஏன் முழு ஆள் என்று நீங்கள் கேட்டதற்கு, "அப்பா உசரத்துல வேலை பாக்கறாரு, எங்க அடிபடும்னு தெரியாது, அதான் மொத்தமா" என்று சொல்லிவைத்திருந்தாள். ரத்தத்துக்கு உருவம் கிடையாது. அதுதான் நிஜமான காரணம்.

அன்றைக்கு அவள் என்னோடு போனில் பேசிக்கொண்டேதான் நடந்தாள். ஒரே கூட்டம், மேளச் சத்தம். கடைக்காரம்மா கூவுவது எனக்கு நன்றாகக் கேட்டது.

"வாங்கக்கா, கண்ணு, கை, காலு எல்லாம் இருக்கு. யாருக்கு வேண்டுதல்?"

"முழு உருவம் குடுங்க. பொம்பளப்புள்ள."

தாரிணி கேட்டாள். "யாருக்கும்மா?"

"உனக்குத்தான்."

"எனக்கு எதுக்கு முழு ஆளு? யூரின் இன்பெக்ஷன்தானே? வயிறு மட்டும் வாங்கு."

கடைக்காரம்மா சிரித்தாள். "வயிறு இருக்கு பாப்பா, எடுக்கவா? வெலையும் கம்மிதான்."

"சும்மா இருடி" என்றாள் உங்கம்மா. "ரத்தத்துல உள்ளதுக்கு வயிறு வாங்கி என்ன பண்ண? மொத்தமாத்தான் வாங்கணும்."

சொன்னதும்தான் அவளுக்கே உறைத்தது.

"எனக்கு ரத்தத்துல என்ன?" என்றாள் தாரிணி. "அப்பாவுக்கும் மொத்தமாத்தானே வாங்குவ? அப்பாவுக்கு ரத்தத்துல என்ன?"

"அக்கா, வாங்கறதுன்னா வாங்குங்க. இல்லாட்டி கொஞ்சம் ஓரமா நில்லுங்க, பின்னாடி ஆள் நிக்குது."

தாரிணி போனைப் பிடுங்கினாள். "அப்பா, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"என்னன்னு சொல்லுங்க."

"வீட்டுக்குப் போனதும் சொல்றேன் கண்ணு."

"இங்கயே சொல்லுங்க."

சொன்னேன். மேலே உனக்கு எழுதின அந்த நாலு வரியைத்தான் சொன்னேன். இவ்வளவு நிதானமாக இல்லை.

"எத்தனை வருஷமா?"

"அஞ்சு வருஷமா."

"அப்ப அந்த தில்லைநகர் பிரெண்டு?"

"டாக்டரம்மா."

"ஒவ்வொரு லீவுக்கும் நீங்கதான் போய்ப் பாக்கறீங்க, அந்த ஆளுக்கு ஒரு தடவைகூட நம்ம வீட்டுக்கு வரத் தெரியலையேன்னு நானும் மதியும் எவ்வளவு திட்டியிருக்கோம் தெரியுமா?" அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு. அப்புறம் குரலை இறக்கிக்கொண்டாள். "எனக்கும் அதானா, ப்பா?"

"இல்லம்மா. அது அப்பாகிட்ட இருந்து பிள்ளைக்கு வராது. டாக்டரம்மா தெளிவாச் சொல்லியிருக்காங்க."

"அப்புறம் எதுக்கு அம்மா எனக்கு முழு உருவம் வாங்கறாங்க?"

மதி, பொய் சொல்வதற்குக்கூட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"எங்களுக்குப் பயம்மா" என்றேன். "அதான்."

6

திங்கட்கிழமை தாரிணியே டாக்டரிடம் சொன்னாள். "சார், போன தடவை அம்மா இல்லைன்னாங்க. எங்கப்பாவுக்கு இருக்கு." நோயின் பெயரையும் முந்தின நாள் ராத்திரி என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போயிருந்தாள்.

டாக்டர் உங்கம்மாவைப் பார்த்து, "கேட்டப்ப ஏம்மா சொல்லல?" என்று கேட்டாராம்.

"புள்ள பக்கத்துல இருந்தா சார்" என்றாள் உங்கம்மா.

அவர் திட்டவில்லை. டாக்டரம்மா சொன்னதையேதான் அவரும் சொன்னார். இது அப்பாவிடமிருந்து வருவதில்லை. கிருமி பலமாக இருந்தால், அதை எதிர்க்க மஜ்ஜை அவசரமாக ஆள் அனுப்பும். அந்த அவசரத்தில் முதிராத செல்களும் சில சமயம் வெளியே வந்துவிடும். அதுவும் ஒரு சிக்னல்தான், ஆனால் வேலை முடிந்ததும் அணைந்துவிடுகிற சிக்னல். இரண்டாவது பரிசோதனையில் அணுக்கள் பதினோராயிரத்துக்கு இறங்கியிருந்தன. முதிராதது ஒன்றுகூட இல்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. என்னுடைய அந்த ஒட்டுப்போட்ட மரபணு இருக்கிறதா என்று பார்க்கத் தனியாக ஒரு பரிசோதனை உண்டு. அதையும் எடுத்துவிடலாம் என்று போனில் சொன்னேன். அவசியமே இல்லை, உங்கள் திருப்திக்கு வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றாராம் டாக்டர்.

தாரிணி வெளியே வந்து என்னிடம் பேசினாள்.

"இது எனக்காகக் கேக்கறீங்களா, உங்களுக்காகக் கேக்கறீங்களா?"

"எனக்காகத்தான்மா. தூக்கம் வரல."

"அப்ப வேணாம்ப்பா."

"ஒரே ஒரு தடவை எடுத்துரு கண்ணு."

"இப்ப எடுத்தா அடுத்த காய்ச்சலுக்கும் எடுக்கச் சொல்வீங்க. அப்புறம் மதிக்கும் எடுக்கச் சொல்வீங்க. உங்க பயத்துக்கு நாங்க ரத்தம் குடுத்துக்கிட்டே இருக்க முடியாதுப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. "சரிம்மா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்கும் தூங்கவில்லை.

பிறகு ஒரு மாதம் கழித்து, டாக்டர் சொன்னபடி சாதாரண ரத்தப் பரிசோதனை மட்டும் எடுத்தாள். எல்லாம் சரியாக இருந்தது. இப்போது பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுபோகிறாள். பயம் இப்போது அவளிடமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு அவள் கேட்பதெல்லாம் என் ரிப்போர்ட்டைப் பற்றித்தான். போன தடவை எவ்வளவு இருந்தது, இந்தத் தடவை எவ்வளவு, மாத்திரை கேட்காமல் போனால் வேறு மாத்திரை உண்டா. உண்டு என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். என்னைத் தேற்றுகிற மாதிரிப் பேசிவிட்டு, போனை வைக்கும்போது மட்டும் அவள் குரல் சின்னப் பிள்ளைக் குரலாகிவிடுகிறது.

7

"மதிகிட்ட நீயே பக்குவமாச் சொல்லிடேன்" என்று அவளிடம் கேட்டுப் பார்த்தேன்.

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "அவளுக்கும் நீங்கதான் சொல்லணும். எனக்குச் சொன்ன மாதிரி இல்ல, ஒழுங்காச் சொல்லுங்க."

ஒழுங்காகச் சொன்னேனா என்று தெரியவில்லை. எழுதி முடித்ததும் ஒரு தடவை படித்துப் பார்த்தேன். கைனேஸைப் பற்றி எழுதினது நீளமாக இருக்கிறது. நம் வீட்டைப் பற்றி எழுதினது கொஞ்சமாக இருக்கிறது. எனக்கு அந்தப் பள்ளம், பொட்டலம் எல்லாம் சொல்வது சுலபமாக இருக்கிறது, அதுதான் காரணம்.

நீ முதலில் என்ன கேட்பாய் என்று தெரியும். அக்கா கேட்காத கேள்வி அது. அவள் பெரியவள், வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டாள். நீ அடக்க மாட்டாய். "அப்பா, நீங்க செத்துப் போயிடுவீங்களா?" என்று நேராகக் கேட்பாய்.

மாத்திரை கேட்கிற வரைக்கும் மற்றவர்களைப் போலவே எனக்கும் வயசாகும் என்று டாக்டரம்மா சொல்கிறார்கள். அதை நம்புகிறேன். நம்பிக்கொண்டே பயப்படவும் செய்கிறேன். ஒவ்வொரு தடவை ரிப்போர்ட் வரும்போதும் பிரிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். அப்பாவுக்குப் பயமே கிடையாது என்று நீ உன் தோழிகளிடம் சொல்வாயாம். இனிமேல் அப்படிச் சொல்லாதே.

அம்மா இதை உன்னிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். நீ படிக்கும்போது பக்கத்தில் நிற்க அவளால் முடியாது. எனக்கு இன்றைக்கு வேலை கிடையாது. ரூமில்தான் இருக்கிறேன். நானாகக் கூப்பிட மாட்டேன். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது நீ கூப்பிடு. கோபமாக இருந்தாலும் கூப்பிடு. ஒன்றும் பேசாமல் சும்மா இருக்க வேண்டும் என்றாலும் பரவாயில்லை, நானும் சும்மா இருக்கிறேன்.